முழுவதும் படித்த பிறகு அழுத்தவும்

கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதனால் நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் என் வாக்குமூலம் எனக்கு எறும்பு ஊர்வது போலத்தான் தெரிகிறது. கடைசியில் கையெழுத்து கேட்பீர்கள் அல்லவா, அப்போது ஒரு தடவை முழுவதும் படித்துக் காட்டிவிடுங்கள். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. பேருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிற ஆள் நான். வீட்டில் இதை வைத்து என்னை ஓட்டாதவர்கள் கிடையாது.

உங்கள் மேசை மேல் கைப்பேசி இருக்கிறது. அதில் ஏதாவது ஒரு செயலியை இறக்கினால் நீளமாக ஒன்று வரும், கீழே ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். விர்ரென்று விரலால் தள்ளிவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துவீர்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஊரே அப்படித்தான். ஆனால் அந்த நீளமானதை உட்கார்ந்து எழுத ஒருவன் வேண்டுமே, அது நான். உரிம நிபந்தனைகள், வரையறுக்கப்பட்ட உத்தரவாதம், பொறுப்புத் துறப்பு. இதே வேலையில்தான் என் தலை நரைத்தது. எத்தனையோ லட்சம் பேர் என் எழுத்துக்குச் சரி என்று சொல்லியிருக்கிறார்கள், ஒருவர்கூடப் படித்ததில்லை. புத்தகம் எழுதுகிறவர்களுக்கு இது நேர் எதிர், பாவம்.

எங்கள் நிறுவனம் விற்கிற பொருளைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். மெத்தைக்கு அடியில் போடுகிற மெல்லிய விரிப்பு ஒன்று, கைப்பேசியில் ஒரு செயலி. படுத்திருப்பவரின் மூச்சை விரிப்பு கவனித்துக்கொண்டே இருக்கும். மேலே ஆள் இருந்து, மூச்சு மட்டும் நின்றால், கைப்பேசியில் மணி அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரரும் எழுந்துவிடுகிற மாதிரியான மணி. விளம்பரத்தில் ஒரு பெண் நிம்மதியாகத் தூங்குவாள், ‘இனி நீங்களும் கண் அயரலாம்’ என்று ஒரு குரல் வரும். அது விற்பனைப் பிரிவின் கைங்கரியம். என் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கும். இது மருத்துவக் கருவி அல்ல, உயிரை நம்பி ஒப்படைக்கிற காரியங்களுக்கு உரியது அல்ல, உள்ளது உள்ளபடி வழங்கப்படுகிறது, விரிப்பில் பழுதிருந்தால் வேறு விரிப்பு மாற்றித் தரப்படும், அதற்கு மேல் உயிரிழப்பு உட்பட எந்த இழப்புக்கும் பொறுப்பில்லை. அவர்கள் சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இடிக்கும்போது எது நிற்கும் என்பதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

மணி அடிக்கிற பகுதியைச் செய்த பெண்ணை அலுவலகத்தில் மணிக்காரி என்று கூப்பிடுவோம். கெட்டிக்காரி, கொஞ்சம் படபடப்பு. ஒரு நாள் காப்பிக் கோப்பையோடு என் அறைக்கு வந்தாள்.

“சார், நீங்க நிபந்தனைய மாத்தி அனுப்புறப்பல்லாம் ஆப் அந்தப் பக்கத்துலயே நின்னுடுது. அவங்க அமுக்குற வரைக்கும் மணி அடிக்காது. பின்னால அது பாட்டுக்கு ஓடட்டுமே சார்?”

நான் பொறுமையாக விளக்கினேன். ஒப்புக்கொள்ளாதவருக்கு அது ஓடினால், எந்த நிபந்தனையும் இல்லாமல் அவர் அதைப் பயன்படுத்துகிறார் என்று ஆகும். அந்த இடைவெளியில் ஏதாவது நடந்தால் முழுப் பழியும் நம் தலையில். ஆகவே ஒப்புதல் இல்லாமல் மணி இல்லை.

“அப்போ ஒரு வரியாச்சும் போடுங்க சார். இத அமுக்குற வரைக்கும் மணி அடிக்காதுன்னு.”

அதையும் வேண்டாம் என்றேன். காரணத்தை நீங்களே யோசித்துப் பாருங்கள். உள்ளே நோயாளி படுத்திருக்க, ‘அழுத்தாவிட்டால் மணி அடிக்காது’ என்று காட்டினால் யார்தான் அழுத்த மாட்டார்கள்? பயத்தில் அழுத்துவார்கள். பயமுறுத்தி வாங்கிய சம்மதம் செல்லாது என்று நாளைக்கு ஒரு வக்கீல் எழுந்து நிற்பான். நான் எழுதியது மொத்தமும் தண்ணீரில் எழுதியதாகிவிடும். அதனால் அவள் கேட்ட வரிக்குப் பதிலாக நானே மரியாதையாக ஒன்று போட்டேன்: ‘அவசரம் வேண்டாம். முழுவதும் படித்த பிறகு அழுத்தவும்.’

அந்த வரியை மணிக்காரி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு காப்பியைக் குடிக்காமல் மேசை மேலேயே விட்டுவிட்டுப் போனாள், கொஞ்ச நாளில் வேலையையும் விட்டுவிட்டாள். அவளையும் நீங்கள் விசாரித்திருப்பீர்கள். அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன்.

என் தங்கையின் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூட்டு பழுதுபார்க்கிறவர். சாவி தொலைத்தவர்கள் எல்லோருக்கும் அவர் எண் மனப்பாடம். “நீங்க பூட்டுற ஆளு மச்சான், நான் திறக்குற ஆளு. ரெண்டு பேருக்கும் பிழைப்பு நடக்குது” என்பார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்றுவிடும். யாராவது பிடித்து உலுக்கினால் திரும்ப வந்துவிடும், உலுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். அவர் படுத்தால் என் தங்கை பக்கத்தில் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இளைத்துத் துரும்பாகிவிட்டாள். பார்க்கச் சகிக்காமல் அந்த விரிப்பை வாங்கிக் கொடுத்தது நான்தான். கூடப் பிறந்தவள் என்ற அக்கறை எனக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விரிப்பு நன்றாகவே வேலை செய்தது. மணி அடிக்கும், இவள் ஓடிப்போய் உலுக்குவாள், அவர் கண்ணைத் திறந்து, “யாரு போன்ல?” என்பார். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவள் முகத்தில் சதை பிடித்தது. தையல் வகுப்புக்குக்கூடப் போக ஆரம்பித்தாள்.

ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே, “மச்சான் எழுதுறதப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆளு போய்ச் சேர்ந்துடுவான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தங்கை மட்டும் சிரிக்கவில்லை. மாத்திரை அட்டையில் இருப்பதைக்கூட வரி விடாமல் படிக்கிறவள் அவள், அந்த விஷயத்தில் என்னைக் கொண்டு பிறந்தவள்.

“சும்மா கேலி பண்ணாதீங்க. எங்க அண்ணன் கஷ்டப்பட்டு எழுதுது. அடுத்த தடவ வரட்டும்ணா, நான் முழுசா படிக்கிறேன்.”

இத்தனை வருடத்தில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது.

அடுத்த தடவை வந்தது. நிபந்தனைகளில் சில இடங்களை இறுக்கித் திருத்தி அனுப்பினோம். அன்றைக்கு மத்தியானம் தங்கை கூப்பிட்டாள்.

“அண்ணா, புதுசு வந்திருக்கு. ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் படிச்சிக்கிட்டிருக்கேன். பாதி வந்துட்டேன். இந்த ஏழாவது பத்தில, ‘ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்’னு போட்டிருக்கியே, யாரு கருதுவாங்க?”

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். எங்கள் பெரிய அதிகாரிகூட அதைக் கேட்டதில்லை. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து விளக்கினேன். அவள் எட்டாவதைக் கேட்டாள், அதையும் விளக்கினேன். ஒன்பதாவதில் ஒரு வாக்கியம் சுற்றி வளைக்கிறது என்றாள். அது ஏன் அப்படி வளைய வேண்டும் என்று சொன்னேன். நடுவில் பேச்சுவாக்கில், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்ன பதிலைப் பிறகு சொல்கிறேன். நெடுநேரம் பேசினோம். அவ்வளவு சந்தோஷமாக நான் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்து அவள் கூப்பிட்டபோது, “அண்ணா, அவர் எந்திரிக்க மாட்டேங்குறார்” என்று மட்டும் சொன்னாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தார். முன்னறையில் அக்கம்பக்கத்தார் நின்றிருந்தார்கள். தங்கை வாசல் படியில் உட்கார்ந்து, வருகிறவர்களையெல்லாம் யாரோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் அவள் கைப்பேசி கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். பதினோராவது பத்தி. பொத்தான் அழுத்தப்படாமல் அப்படியே இருந்தது.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த மரண நேரத்துக்குப் பிறகு எங்கள் கணினியில் அந்த வீட்டிலிருந்து ஒப்புதல் எப்படிப் பதிவானது என்றுதானே கேட்டீர்கள். நான் அழுத்தினேன். என் விரல்தான்.

ஏன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். அழுத்தாமல் கிடந்தால் நாளைக்கு என்ன சொல்வார்கள்? கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு இவள் ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டாள், அதனால் புருஷன் போனான் என்பார்கள். அந்தச் சொல் அவளைச் சும்மா விடாது. அழுத்தியிருந்தால், எல்லாம் சரியாக நடந்தும் விதி முடிந்தது என்று ஆகும். அவளுக்காகத்தான் செய்தேன். அழுத்தியதால் அவள் இனி நிறுவனத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்கிறீர்கள். முடியாதுதான். இத்தனை வருடத்தில் நான் எழுதியதை யாரும் உடைத்ததில்லை. என் வீட்டிலிருந்தே ஒருத்தி வந்து உடைக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்தால் அது உங்கள் ஆசை.

ஒரு தவறு செய்தேன், அதை ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பொத்தான் எனக்கு எப்போதும் ஒரு கையெழுத்துதான். அழுத்தினால் சம்மதம் பதிவாகும், அதோடு விஷயம் முடிந்தது. சம்மதம் பதிவானதும் செயலி விழித்துக்கொள்ளும் என்பது எனக்கு மறந்தே போய்விட்டது. அவரை இன்னும் படுக்கையிலிருந்து எடுத்திருக்கவில்லை. மேலே ஆள் இருந்தது, மூச்சு இல்லை.

மணி அடித்தது.

முன்னறையில் நின்றவர்கள் நடுங்கிப்போனார்கள். நான் நிறுத்தப் பார்த்தேன், கை வழுக்கிற்று. வாசலில் இருந்தவள் எழுந்து ஓடி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை, என்னை இடித்துக்கொண்டு நேராக உள்ளே போனாள். அவர் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினாள். “எந்திரிங்க, மணி அடிக்குது. எந்திரிங்க, அடிக்குது பாருங்க” என்று சொல்லிக்கொண்டே உலுக்கினாள். அவர் யாரு போன்ல என்று கேட்பார் என்றுதான் அவள் காத்திருந்தாள். பெண்கள் இரண்டு பேர் போய் அவள் கையை விடுவிக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தாள். ஒருவழியாக மணியை நிறுத்தியிருந்தேன், கைப்பேசி என் கையில் இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

“நான் உன்கிட்ட பேசிக்கிட்டிருந்தப்போ இது அடிக்காதுன்னு உனக்குத் தெரியுமா அண்ணா? அவர் உள்ள தூங்குறாருன்னு சொன்னேனே.”

கைப்பேசியைச் செம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். நாங்கள் தொலைபேசியில் பேசியதை அவள் உங்களிடம் சொல்லவில்லை என்று உங்கள் கேள்விகளிலிருந்தே தெரிகிறது. அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன், உள்ளே தூங்குகிறார் என்றாள். மணி அடிக்காது என்று எனக்குத் தெரியும். அதை அப்படி வைத்ததே நான்தானே. முதலில் அழுத்திவிட்டு வா, பிறகு படிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் பயந்து அழுத்தியிருப்பாள், படிப்பதும் அங்கேயே நின்றிருக்கும். எனக்கென்று வாய்த்த வாசகி அவள் ஒருத்திதான். ஒன்பதாவது பத்தியில் இருந்தாள். நான் ஒன்பதாவதை விளக்கினேன்.

இதை நான் கொலை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அவளே நிதானமாகப் படித்தாள், அவள் விருப்பம். அவசரம் வேண்டாம் என்றுதானே போட்டிருந்தது.

இன்னும் ஒன்று. விரிப்பில் பழுது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களாம், அதை அடித்துவிடுங்கள். மணி எவ்வளவு சுத்தமாக அடித்தது என்பதற்கு அந்த வீட்டில் நின்ற அத்தனை பேரும் சாட்சி. வாசல் படியிலிருந்து படுக்கைக்கு அவள் எவ்வளவு வேகமாக வந்து சேர்ந்தாள் என்பதையும் நான் கண்ணால் பார்த்தேன். அவர் மூச்சு நின்றபோதே மணி அடித்திருந்தால் அப்போதும் அப்படித்தான் வந்திருப்பாள், உலுக்கியிருப்பாள். ஆகவே பொருளில் குறை ஏதும் இல்லை. உத்தரவாதத்தின்படி எங்கள் தரப்பில் மாற்றித் தர வேண்டியதும் எதுவும் இல்லை.

எழுதிவிட்டீர்களா?

இல்லை, படித்துக் காட்ட வேண்டாம். எந்த இடத்தில் என்று விரலை வைத்துக் காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.