கிணற்று வழக்குக்கு ஒரு வாய்தா

எல்லை பிரித்து எங்கள் பக்கம் ஆந்திராவுக்குப் போன புதிது. வரதய்யபாளையத்தில் ஏறி, திருப்பதி கோர்ட்டுக்குப் போன ஒரு தம்பதி பஸ்ஸில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம வக்கீல் இன்னிக்கும் வாய்தா கேட்டா, நான் எழுந்து ஆட்சேபணைன்னு சொல்வேன்," என்றாள் மனைவி.

"பொம்பள அப்டி சொல்லக்கூடாதும்மே."

"நீ வாய்தா வாங்கிக்கினே இரு. பொதுக் கெணத்த உன் அண்ணன் ஒருத்தனே எறச்சிக்கினு கீறான். நம்ம நாத்து காயுது."

"புது கோர்ட்டு. தெலுங்குல கேப்பாங்க. கொஞ்சம் கத்துக்கினு அடுத்த வாய்தாவுக்குப் பேசறேன்."

"கூரை மாத்தவும் வாய்தா, பொண்ணு கல்யாணத்துக்கும் வாய்தா. நீ பேசாத, நான் பேசிக்கிறேன்."

"உனுக்கு எங்க தெலுங்கு தெரியும்?"

"உன் அண்ணி தெலுங்குக்காரிதான? இத்தன வருசமா அவகிட்ட எந்த பாஷைல சண்ட போட்டுக்கினு கீறேன்?"