அண்ணன் இருக்கும் ஊர்

— …அப்போ இந்த ஞாயிறும் கிடையாதா அண்ணா?

— ஷிப்ட் மாத்திட்டாங்க சில்வண்டு. நான் என்ன செய்யட்டும்?

— முதல் ஞாயிறு காய்ச்சல். அடுத்தது சிநேகிதன் கல்யாணம். நான் இந்த ஊருக்கு வரட்டும்னு உன் சிநேகிதங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்காமக் காத்திருந்தாங்களா?

— வாய் மட்டும் குறையலை உனக்கு.

— ஒரே ஊர்ல இருந்துக்கிட்டுப் போன்லதான் பேசணும்னா, நம்ம வீட்டுலேர்ந்தே பேசியிருப்பேனே.

— சரி சரி… வேலை எப்படி? அதைச் சொல்லு.

— வேலையா? பாட்டில் கழுவுறேன்.

— என்னது? மூணு வருஷம் காலேஜுக்குப் போனது பாட்டில் கழுவவா?

— தண்ணி டெஸ்ட் பண்ற லேப்னா பின்ன? எந்தக் குழாய்த் தண்ணியப் பிடிக்கப் போறோமோ, அந்தத் தண்ணியாலேயே பாட்டிலை அலசிட்டுத்தான் பிடிக்கணும். போன இடத்துத் தண்ணி ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலும் போச்சு. மேடம் திரும்ப அனுப்பிடுவாங்க.

— உன் பேராவது தெரியுமா அந்த மேடத்துக்கு?

— போன வருஷம் பயிற்சிக்கு வந்த பையன் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நானும் திரும்பிப் பார்க்கப் பழகிட்டேன்.

— ஹஹ்ஹா…

— சிரி, சிரி. முதல் வாரம் பஸ்ஸை மாத்தி ஏறி ஊர்க்கோடிக்கே போயிட்டேன். டிரைவர் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் காலி பஸ்ல தனியா உட்கார்ந்திருந்தேன்.

— எனக்குப் போன் பண்றதுக்கென்ன?

— பண்ணேன். நீ எடுக்கலை.

— …ஹாஸ்டலை விட்டுட்டு ரூம் எடுத்துட்டியாமே? அம்மா சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— நேர்ல வந்தாக் காட்டலாம்னு இருந்தேன்.

— குத்தாதே. எப்படி இருக்கு ரூம்?

— மூணாவது மாடி. கதவை லேசாத் தூக்கினாத்தான் திறக்கும். ஜன்னல் கொக்கி போயிடுச்சு, காத்தடிச்சா டமால் டமால்னு அடிச்சுக்கும். முன்னாடி இருந்தவங்க செருப்பு டப்பா அட்டைய மடிச்சுச் செருகி வச்சிருக்காங்க.

— …ம்.

— என்ன, ம்?

— ஒண்ணுமில்ல. என் ஜன்னலும் அப்படித்தான் இருந்துச்சு… இருக்கு. வாடகை ரூம்னா எங்கயும் அப்படித்தான்.

— உன் ஜன்னல்லேர்ந்து என்ன தெரியுது? எட்டிப் பார்த்துச் சொல்லேன்.

— இப்பவா?

— இப்பத்தான். நேர்ல பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கலையே.

— எதிர்ல பேக்கரி. ரொட்டி வாசனை மூக்கைத் துளைக்குது. பக்கத்துல டெய்லர் கடை. போர்டு மேல ஒரு பூனை, ஒரு காது மடிஞ்சு… பொழுது சாஞ்சா இங்க வந்துடும், பாலுக்கு.

— இப்போ இருக்கா?

— இருக்கு. வாலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

— …

— ஹலோ? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். அண்ணா, கிளம்பி வரட்டுமா? இப்பவே?

— வேண்டாம், வேண்டாம். வீடு குப்பையாக் கிடக்கு.

— நான் என்ன வீட்டை விலைக்கு வாங்கவா வர்றேன்?

— சொன்னாக் கேளு.

— ரெண்டு ஊர்லேர்ந்து கூப்பிட்டாங்க அண்ணா என்னை. அந்த இன்னொரு லேப் பெருசு. அங்கதான் போகணும்னு காலேஜ்ல அத்தனை பேரும் சொன்னாங்க. நான் உன்னைத்தான் கேட்டேன். ‘நீ அங்க இருக்கேல்ல?’ன்னு.

— கேட்டே.

— ‘இருக்கேன், வா’ன்னே.

— …அம்மாகிட்ட என்ன சொல்றே? நான் ஒரு தடவைகூட வரலைன்னா?

— வாராவாரம் உன்கூடத்தான் சாப்பிடுறேன்னு சொல்றேன். நீ இளைச்சுட்டேன்னும் சேர்த்துச் சொன்னேன். அப்பதான் நம்புவாங்க.

— ஐயோ…

— என்னண்ணா?

— என்னை ஏன்டி இன்னும் காப்பாத்துறே? …கேளு. நான் அங்க இல்ல. கம்பெனிய மூடிட்டாங்க. அந்த ஊரை விட்டு வந்தே ரொம்ப நாளாச்சு. இங்க ஒரு கிடங்குல மூட்டைக்குச் சீட்டு ஒட்டிட்டிருக்கேன். வீட்டுல சொல்ல வெட்கமா இருந்துச்சு. நீ அவ்வளவு ஆசையாக் கேட்டப்போ, இல்லைன்னு சொல்ல வாய் வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு… உன் பெரிய லேபை நான்தான் கெடுத்தேன். ஏதாவது திட்டேன் சில்வண்டு. சும்மா இருக்காதே.

— பேக்கரிய மூடிட்டாங்க அண்ணா, அது இப்போ மருந்துக்கடை. டெய்லர் போர்டையும் கழட்டிட்டாங்க. உனக்குக் காய்ச்சல்னதும் ஆரஞ்சு வாங்கிட்டு உன் அட்ரஸைத் தேடி இங்க வந்தேன். வீட்டுக்காரர் காலி ரூமைத் திறந்து காட்டினார்… நானே எடுத்துக்கிட்டேன். நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன். உன் ஜன்னல்லதான் இப்போ நிக்கிறேன். நீ மடிச்ச அட்டை இன்னும் தாங்குது. பூனையும் பொழுது சாஞ்சா வருது. பால் வைக்கிறேன், தொடறதில்ல. என் முகத்தைப் பார்க்குது, எனக்குப் பின்னால ரூமுக்குள்ள கொஞ்ச நேரம் பார்க்குது… அப்புறம் போயிடுது.