அரிக்குதும்மா

"டெங்குல பொழச்ச பொண்ண பழத்தால கொன்னிருப்பேங்க்கா," என்றாள் நெமிலிச்சேரியில் ரயிலேறி என் எதிரே உட்கார்ந்த பெண், கூட வந்தவளிடம். டெங்குக் காய்ச்சலில் கிடந்த என் மகனுக்காக வாங்கிய கிவிப் பழங்கள் என் மடியில் இருந்தன.

"இன்னாடி சொல்ற?"

"பிளேட்லெட் ஏறும்னு பாக்க வந்தவங்கல்லாம் கிவி வாங்கியாந்தாங்க. நாக்கு அரிக்குதும்மான்னு அழுதா. காய்ச்சல் வாய், அப்படித்தான் இருக்கும்னு அமுக்கி ஊட்டினேன். ஒதடு வீங்கி, மூச்சு திணறிப்போச்சு."

"ஐயோ! இப்ப?"

"நல்லாகீறா. கிவியே அவளுக்கு ஒத்துக்காதாம். இனிமே தொடவே கூடாதுன்ட்டாரு டாக்டரு."

"அதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் ஏன்டி அழுவுற?"

"சோறு ஊட்டினாக்கூட, 'அரிக்குதுன்னு சொன்னா நிறுத்திடுவியாம்மா?'ன்னு கேட்டுகினுதான் வாயத் தொறக்குறா."