அழிக்கிற வேலை யாருக்கும் கிடையாது

ஹலோ... ஆமா சார், மெரெசீனிதான். படகு கம்பெனி சுவா ஆபீஸ், கம்ப்யூட்டர் ரூம்... சொல்லுங்க மேனேஜர் சார்... சாப்பிட்டுட்டு இருக்கேன், மரவள்ளியும் தேங்காப்பால் மீனும்... சரி சரி, மீன் கெடக்கட்டும்.

என்னது, மெஷின் உங்களையே விடமாட்டேங்குதா?... அடடா... நிர்வாகி பாஸ்வேர்டு போட்டீங்களா?... ஏத்துக்கிச்சா?... அப்புறமும் 'அனுமதி இல்லை'ங்குதா?... ஆமா, ஆமா... அது அப்படித்தான் சொல்லும்.

கெட்டுப்போகல சார்... கத்தாதீங்க... பெரிய சாவி கையில இருந்தா மட்டும் போதாது. யாரு வந்தாலும் எந்த வேலைக்கு வந்தேன்னு அது கேக்கும். யாரு எப்போ எதை மாத்தினாங்கன்னு எழுதி வெக்கிற பதிவேட்டைப் படிக்கலாம். அழிக்கிற வேலை யாருக்கும் கிடையாது, எனக்கும்தான்... யாரு போட்ட சட்டமா? நீங்கதான் சார்! போன வருஷம் இதைத் தொடங்கி வெச்சுக் கேக் வெட்டி, "நானே வந்து கேட்டாலும் திறக்கக் கூடாது"ன்னு கையெழுத்துப் போட்டீங்களே... ஆமா, போட்டோ செவுத்துல தொங்குது. நல்லா சிரிக்கிறீங்க.

எந்த வரியை அழிக்கணும்?... சும்மா சொல்லுங்க... ஓ, வெள்ளிக்கிழமை வரியா. ஓவலாவ் தீவுப் படகுல நூத்தெண்பது பேருக்குமேல ஏத்தாதேன்னு இருந்ததை எரநூத்தி நாப்பதாக்கின வரி... ம்... கடல் காவல்காரங்க பிடிச்சதும், அதை டிக்கெட் கவுன்ட்டர் அசெனதா மாத்தினான்னு எழுதிக் குடுத்தீங்கல்ல? ரெண்டு மணிக்கு அவளுக்கு விசாரணை. வேலையே போயிடும். அவ செஞ்சதுன்னா அந்த வரிதானே சார் உங்களுக்குச் சாட்சி, அதை ஏன் அழிக்கணும்?

என்ன?... யங்கோனா பானத்து வேரா? ஒரு கட்டு கொண்டாரீங்களா? எனக்கா, மெஷினுக்கா?... கொண்டாங்க, பெரியவங்ககிட்ட உதவி கேக்கிற மாதிரி மெஷின் முன்னாடி வெச்சுக் கைதட்டிக் கேளுங்க. மனுஷங்கன்னா மசிவோம்.

மெஷினோட காவலையே நிறுத்தப் பாத்தீங்களா?... அதுவும் முடியலயா?... மொத்தம் எத்தனை தடவை முட்டினீங்க?... பதினொண்ணா! ஐயையோ... இல்ல சார், சிரிக்கல... இருமல்.

ஒண்ணு சொல்லட்டா? வெள்ளிக்கிழமை வரியில உங்க பேரே இல்ல. 'நிர்வாகி'ன்னு மட்டும்தான் இருக்கு, யாரா வேணா இருக்கலாம். இன்னைக்குத்தான் சொந்தப் பேர்ல நுழைஞ்சு... ஆமா... அப்புறம் நிர்வாகியா மாறி... முட்டினதெல்லாம் உங்க பேரோட பதிவாயிடுச்சு... ஆமா, ஆமா... எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு பதினோரு தடவை சொல்லியிருக்கீங்க... அதையா? அதையும் அழிக்க முடியாது. ஒவ்வொரு முட்டுக்கும் கம்பெனி இயக்குநருங்க எல்லாருக்கும் ஒரு கடிதம் போகும். அதுவும் நீங்க போட்ட சட்டம்தான்... நிறுத்தறதா? போய்ச் சேந்தாச்சு சார்...

என்கிட்ட மன்னிப்பு எதுக்கு? படகுல நின்னுக்கிட்டே வந்த பிள்ளைங்ககிட்ட கேளுங்க... அவகிட்ட கேளுங்க... ஹலோ?... சார்?

வெச்சுட்டாரு.

அடியே அசெனதா, அழுதது போதும். மீன் ஆறுது, சாப்பிட்டுக் கிளம்பு. பதினொண்ணையும் அச்சடிச்சுத் தரேன்.