துண்டில்லாமல் ஒரு விலை

— மறுபடியும் அதே எடத்துல நின்னுட்டீங்க. "அவர் பிரைஸ் இஸ்" வரைக்கும் மெயில் வண்டியாட்டம் வர்றீங்க. அப்புறம் இன்னா?

— அப்புறம் விலை.

— அது தெரியுது. விலை இன்னா?

— அதான் வர மாட்டேங்குதே, வஜீ.

— வஜீ இல்ல. நான் இப்போ லண்டன் தொரை. உங்க அண்ணன் தொப்பிய வேற எடுத்து மாட்டிக்கிட்டு நிக்கிறேன். தொரைகிட்ட பேசுற மாதிரி பேசுங்க.

— லண்டன் தொரை துருக்கித் தொப்பியா போடுவான்?

— இந்த வீட்ல வேற தொப்பி இல்ல. அவரு எழுந்து தேடுறதுக்குள்ள திருப்பி வெச்சுடணும். வாங்க, மொதல்லேர்ந்து. நீங்க ஆம்பூர் மக்பூல் அகமது, தோல் வியாபாரி. நான் வாங்க வந்தவன். "வாட் இஸ் யுவர் பிரைஸ், மிஸ்டர் அகமது?"

— உனக்கு எப்படி இவ்ளோ சுத்தமா வருது?

— நீங்க காலேஜ்ல சேந்ததுலேர்ந்து தூக்கத்துல கூட அதைத்தானே ஒளர்றீங்க. பக்கத்துல படுக்கிறவளுக்கு வராம போவுமா? "வி பெக் டு அக்னாலெட்ஜ் யுவர் எஸ்டீம்ட் ஃபேவர்." மிச்சத்தையும் சொல்லட்டுமா?

— வேணாம் தாயே. பேசாம நீயே வேலூருக்குப் போயி பரீட்சை குடுத்துட்டு வா.

— போவேன். புர்காவுக்குள்ளேர்ந்து எந்தக் குரல் வருதுன்னு உங்க மாஸ்டருக்குத் தெரியவா போவுது?

— தெரியும். இங்கிலீஷு நல்லா இருக்கேன்னு ஒடனே கண்டுபுடிச்சுடுவாரு. வஜீதா, ஜன்னல ஏன் சாத்தி வெச்சிருக்க? காலையிலயே புழுங்குது.

— தோல் ஊற வெக்கிற தொட்டி வாடை. தொறக்காதீங்க.

— தோல் மண்டிக்காரன் பொண்டாட்டிக்கு இப்பதான் தொட்டி வாடை தெரியுதா? கல்யாணமாயி எட்டு வருஷமா இன்னா பண்ணிக்கிட்டிருந்த?

— பேச்ச மாத்தாதீங்க. ஜட்காக்காரன் வர்ற நேரம். காட்பாடி வண்டிய உட்டுட்டா பரீட்சையும் போச்சு, மெட்ராஸும் போச்சு. சொல்லுங்க. "அவர் பிரைஸ் இஸ்..."

— அவர் பிரைஸ் இஸ்... இஸ்...

— கொசுவாட்டம் இஸ் இஸ்ஸுன்னா தொரை வேற கடைக்குப் போய்டுவான்.

— அது இல்ல வஜீ. உனக்குப் புரியல. இங்கிலீஷுல ஒண்ணுமில்ல. தமிழ்ல கேட்டாலும் வராது, உருதுல கேட்டாலும் வராது. விலைய நான் வாயால சொன்னதே இல்ல.

— அதெப்படி? இத்தன வருஷம் தோல வாங்கி வித்தது ஊமை பாஷையிலயா?

— ஆமா, ஊமை பாஷைதான். மண்டியில எங்க வேலை எப்படின்னு உனக்குத் தெரியாதா இன்னா? அவன் கையும் என் கையும், மேல ஒரு துண்டு. உள்ள வெரல புடிச்சு அழுத்தினா அதான் விலை. ஒரு வெரல்னா ஒண்ணு, கை முழுக்கப் புடிச்சா அஞ்சு. அது நூறா பத்தான்னு மட்டும் வாயால சொல்லுவோம். எண்ணிக்கை வெளிய வராது. சுத்தி இருக்கிறவன் கழுத்த நீட்டி நீட்டிப் பாப்பான், ஒண்ணும் தெரியாது.

— நல்ல பழக்கம்தான். கத்திரிக்காய்க்காரிகிட்ட எனக்கும் இருந்தா தொண்டை மிச்சம்.

— சின்ன வயசுல ஒரு தரம் வாய் தவறி விலைய சொல்லிட்டேன். மண்டியே சிரிச்சுது. அண்ணன் மொகம் செவந்துபோச்சு. சபையில வேட்டி அவுந்தவன பாக்குற மாதிரி எல்லாரும் என்னியே பாத்தாங்க. அன்னியிலேர்ந்து விலைன்னு வந்தாலே வாய் பூட்டிக்குது.

— அட, நெஜமாவே அப்படியா இருக்கு உங்களுக்கு? நான் வெளையாட்டுன்னு நெனச்சேன்.

— வெளையாட்டா? போன வாரம் வகுப்புல நடந்தத நான் சொல்லல உனக்கு.

— இன்னா நடந்துச்சு?

— சிரிக்க மாட்டியே?

— தொரை சிரிக்க மாட்டான்.

— தேவசகாயம் மாஸ்டர் வாங்குறவரு, நான் விக்கிறவன். வகுப்பு பூரா பாத்துக்கிட்டிருக்கு. மொதல்ல எல்லாம் ஜோராத்தான் போச்சு. வந்தவர உக்காரச் சொன்னேன், சரக்கு எப்படின்னு சொன்னேன், கப்பல்ல எப்போ ஏத்துவோம்னு சொன்னேன். மாஸ்டர் கூட தலைய ஆட்டினாரு. அப்புறம் "பிரைஸ்?"ன்னாரு.

— பூட்டிக்கிச்சா?

— பூட்டிக்கிச்சு. ஆனா கை சும்மா இல்ல. அதுவா தோள்ல இருந்த துண்ட எடுத்துச்சு, மாஸ்டர் கை மேல போட்டுச்சு, உள்ள பூந்து அவரு வெரல புடிச்சு அழுத்திடுச்சு.

— யா அல்லா. உங்க மாஸ்டர் கையையா?

— அவரு அசையல. அப்புறம் பொறுமையா கேட்டாரு, "மிஸ்டர் அகமது, நாடி பாத்து முடிச்சுட்டீங்களா, நான் பொழைப்பேனா?"

— ஐயோ... இருங்க... இருங்க...

— தொரை சிரிக்க மாட்டான்னு சொன்ன.

— தொரை செத்துட்டான். தொப்பிய புடிங்க, கண்ண தொடச்சுக்கிறேன். ஐயோ, வயிறு வலிக்குது. நாடி பாத்தாரா, ஆம்பூர் வைத்தியரு.

— சிரி, நல்லா சிரி. இன்னிக்கு பரீட்சையிலயும் அதே கதைதான் ஆவும். இன்னிக்கு மாஸ்டர் மட்டும் இல்ல, மெட்ராஸ்லேர்ந்து ஒரு கம்பெனி தொரையே வர்றானாம் கேள்வி கேக்க. அவன் கைய புடிச்சு அழுத்தினா போலீஸ கூப்புடுவான்.

— துண்டு இல்லாம போங்க. கோட்டு மட்டும் போட்டுக்கிட்டு போங்க.

— அப்போ கோட்ட கழட்டி அவன் மேல போட்டுடுவேன். என் கைய எனக்குத் தெரியும்.

— சரி, சிரிச்சது போதும். இப்போ நான் தொரை இல்ல, வஜீதா கேக்குறேன். மெட்ராஸ்ல நம்ம பெரியமேட்டு ஆபீஸுல இனிமே எப்படி வியாபாரம்னு உங்க அண்ணன் சொன்னாரே, நெனப்பு இருக்குதா?

— டெலிபோன்ல.

— டெலிபோன்ல துண்ட எங்க போடுவீங்க? கம்பி மேலயா?

— அதான் எனக்கும் புரியல.

— காலேஜ் சர்டிபிகேட் வாங்கினா பெரியமேட்டு ஆபீஸு உங்களுக்கு. இல்லன்னா அவரு மச்சான் ரஃபி அகமதுவுக்கு. அண்ணன் எல்லாரும் கேக்கத்தான் சொன்னாரு. உங்க அண்ணி ரஃபத் அக்கா அன்னியிலேர்ந்தே தம்பிக்கு ரெண்டு கோட்டு தெச்சு வெச்சுட்டாங்க.

— ரஃபி வாய் நல்லா பேசுவான். அவனே போவட்டும்.

— இன்னா சொன்னீங்க?

— நான் போவல வஜீ. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன். ஜட்காக்காரன் வந்தா திருப்பி அனுப்பிச்சுடு. அத்தன பேரு முன்னால நின்னு மறுபடியும் சிரிப்பா சிரிக்க என்னால முடியாது. இங்கியே சுண்ணாம்புத் தொட்டிய பாத்துக்கிட்டு, நாலு வெரல புடிச்சுக்கிட்டு காலத்த ஓட்டிடறேன். அதுல இன்னா கொறை?

— உங்களுக்கு இன்னா கொறை? எனக்குத்தான்.

— உனக்கு இங்க யாரு இன்னா சொன்னாங்க?

— யாரும் ஒண்ணும் சொல்லல. எல்லாரும் நல்லவங்கதான். ஆனா ஒரு அடுப்பு, அஞ்சு பொம்பளைங்க. நான் உப்பு போட்ட கொழம்புல இன்னொருத்தி உப்பு போடுவா. எனக்குன்னு ஒரு அடுப்பு வேணும்ங்க. சின்னதா இருந்தா போதும். பெரியமேட்டுல ஆபீஸுக்கு மேல ரெண்டு ரூமுன்னு சொன்னீங்க இல்ல, அன்னியிலேர்ந்து அந்த அடுப்ப எந்த மூலையில போடறதுன்னுதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

— நம்ம ரெண்டு பேருக்கு ஒரு அடுப்பு. அதுக்கு ஒரு மெட்ராஸு.

— ...ஆமா, ரெண்டு பேருக்குத்தான்.

— கோவமா?

— இல்ல.

— மொகம் ஒரு மாதிரி ஆயிடுச்சே. தொப்பிய கழட்டிட்ட. தொரை கோவிச்சுக்கிட்டு கப்பல் ஏறிட்டானா?

— கோவம் இல்லீங்க. உங்கள கேலி பண்ணிட்டேன், அதான் எனக்கே வெக்கமா இருக்கு. வாயில வர்றது என்னமோ பெரிய சுலுவுன்னு பேசிட்டேன். எனக்கும்தான் ஒரு விஷயம் வாயில வர மாட்டேங்குது.

— உனக்கா? உனக்கு வாயில வராத விஷயம் ஒண்ணு இருக்குதா? ஆம்பூர் பூரா தண்டோரா போடணும்.

— கொஞ்ச நாளா சொல்லணும்னு பாக்குறேன். சொல்ல வந்தா ரஃபத் அக்கா வந்துடுறாங்க. அவங்க போனா அவங்க கொழந்தைங்க வந்துடுதுங்க. யாரும் இல்லன்னா நீங்க "டியர் சார்"னு ஆரம்பிச்சுடுறீங்க.

— இன்னா விஷயம்? உங்க அம்மா வீட்ல ஏதாவது...

— அதெல்லாம் இல்ல. அந்தத் துண்ட குடுங்க.

— எதுக்கு?

— குடுங்கன்னா. கல்யாணமான புதுசுல இந்த வீட்ல பேச எடம் இல்லாம நீங்கதானே எனக்கு இத கத்துக்குடுத்தீங்க? பந்தியில நான் பரிமாறும்போது, தட்டுக்குக் கீழ என் வெரல புடிச்சு எத்தன தோசை வேணும்னு சொல்லுவீங்களே.

— அடேங்கப்பா. அத மறந்தே போய்ட்டேன்.

— நான் மறக்கல. கைய நீட்டுங்க. இப்போ நான் விக்கிறவ, நீங்க வாங்குறவரு. துண்டு போட்டாச்சு. ஒழுங்கா கவனிங்க, ஒரு தரம்தான் காட்டுவேன்.

— இன்னா சரக்கு விக்கப் போற?

— பேசாதீங்க. மண்டியில யாராவது பேசுவாங்களா?

— சரி. ம்... கை முழுக்கப் புடிச்ச. அஞ்சு. அப்புறம்... மறுபடியும் ரெண்டு வெரலு. புரிஞ்சுது.

— புரிஞ்சுதா? எவ்ளோ?

— அதான் புரிஞ்சுதே. எது, நூறா பத்தா? அத சொல்லு.

— எண்ணிக்கைய நீங்க வாயால சொல்லுங்க. அப்புறம் எதுன்னு நான் சொல்றேன்.

— இது இன்னா புது வழக்கம்?

— இந்த மண்டியில இதான் வழக்கம். இங்கிலீஷுல சொல்லுங்க.

— ...செவன்.

— ஒதடு அசையுது, சத்தத்த காணோம்.

— செவன்.

— டெலிபோன்ல கொசு பூந்துடுச்சுன்னு தொரை வெச்சுடுவான். நிமிந்து நில்லுங்க. என் கண்ண பாருங்க. துண்டு வேணாம், எடுத்துட்டேன். என் கைய மட்டும் புடிச்சுக்கோங்க.

— வெளிய அண்ணனுக்குக் கேக்கும் வஜீ.

— கேக்கட்டும். கொஞ்ச நாள்ல ஊருக்கே தெரியப்போற விஷயம்தான். முழுசா, "அவர் பிரைஸ் இஸ்"ஸோட சொல்லுங்க. இல்லன்னா எதுன்னு சொல்லவே மாட்டேன். இப்படியே அடுப்பங்கரைக்குப் போய்டுவேன்.

— இரு, இரு, போவாத. அவர் பிரைஸ் இஸ் செவன். போதுமா? இஸ் செவன். அவர் பிரைஸ் இஸ் செவன், சார். வஜீ, வந்துடுச்சுடி. மிஸ்டர் மெட்ராஸ் தொரை, அவர் பிரைஸ் இஸ் செவன், நாட் சிக்ஸ், நாட் எய்ட், செவன்!

— டேய் மக்பூல், இன்னாடா காலங்காத்தால உள்ள விலைய போட்டு கூவிக்கிட்டிருக்க? தெருமுனை வரைக்கும் கேக்குது. ஜட்கா வந்து நிக்குது, வா வெளிய. என் தொப்பிய யாராவது பாத்தீங்களா?

— தோ வந்துட்டேண்ணே, பரீட்சைக்குச் சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தேன். வஜீ, சீக்கிரம் சொல்லு, அண்ணன் கூப்புடறாரு. சொல்லிட்டேன் இல்ல? ஏழு எது, நூறா பத்தா?

— நூறும் இல்ல, பத்தும் இல்லீங்க. மாசம். இன்னும் ஏழு மாசம்.