தரையில் படுத்த கதவு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்... கதை பாதியில் இருக்கும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. பயப்படுகிறவர்கள் இப்போதே நடையைக் கட்டலாம். இது நான் எங்கேயோ படித்துவிட்டு வந்து அளக்கிற கதை இல்லை. என் கூட்டாளி தமிழ்ச்செல்வனின் சித்தப்பா மகன் அருள்குமாருக்கு நடந்தது.

மாலை ஆறரை மணி. உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒற்றைத் தார்ச்சாலை. எதிரில் ஒரு வண்டி வரவில்லை. மினி லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் அருள்குமார். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய பரண் பலகைகள், அவற்றின் மேல் ஒரு பழைய தேக்குக் கதவு. இடித்துக்கொண்டிருந்த ஒரு பெரிய வீட்டின் தலைவாசல் கதவு அது.

பாதி வழியில்... டொக். டொக்.

கயிறு தளர்ந்துவிட்டது என்று நினைத்து இறங்கிப் பார்த்தார்கள். இறுக்கமாகத்தான் இருந்தது. ரோடு மேடுபள்ளம், அதனால் ஆடுகிறது என்றார் டிரைவர். சரி என்று ஏறப் போனார்கள். வண்டி அசையாமல் நிற்கிறது... டொக். டொக். அதற்குப் பிறகு கணபதி என்கிற ஊருக்கு வந்து சேரும்வரை அந்த டிரைவர் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை.

அருள்குமாருக்குக் கணபதியில் பம்ப் உதிரி பாகம் செய்கிற பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே புது வீடு. ஒரே மகள் வர்ஷினி, ஆறு வயது. அவளுக்கு இழுப்பு உண்டு. மார்கழியில் டைல்ஸில் கால் வைத்தால் போதும், ராத்திரி மூச்சு விசிலடிக்கும். அதனால் மாடியில் அவள் அறைக்கு மட்டும் மரத்தரை போடுவது என்று அவனும் மனைவி லோகப்பிரியாவும் முடிவு செய்தார்கள்.

கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஒரு கடையில் காட்டியது மரமே இல்லை, அட்டையின் மேல் மரத்தைப் படம் எடுத்து ஒட்டியது. இன்னொரு கடையில் மேலே மட்டும் மெல்லிசாக நிஜ மரம், அடியில் ஒட்டுப்பலகை. அருள்குமார் இரும்போடு பழகுகிறவன். ஏமாற்று வேலை அவனுக்குப் பிடிக்காது. பழந்தேக்குதான் வேண்டும், அதுதான் இனிமேல் வளையாது வெடிக்காது என்று பிடிவாதம் பிடித்து அலைந்து கண்டுபிடித்ததுதான் உடுமலைப் பக்கம் இடிபட்டுக்கொண்டிருந்த அந்தப் பெரிய வீடு.

மரவேலைக்கு வந்தவர் சஹீர். அவசரப்படாத ஆள். பலகைகளை முதலில் அந்த அறையிலேயே அடுக்கிப் போட்டார். அறையின் காற்று பழகினால்தான் மரம் பின்னால் மக்கர் பண்ணாது என்பது அவர் கணக்கு. சுவரோரம் ஒரு விரல் இடைவெளி விட்டார், மழைக்கு மரம் உப்பினால் நகர இடம் வேண்டுமே. கதவைப் புரட்டிப் பார்த்தபோதுதான் கொஞ்சம் நின்றார்.

"உள்பக்கம் பூரா குழிங்கண்ணா. இழைச்சாலும் போகாது. யாரோ உள்ளிருந்து ரொம்ப நாள் தட்டியிருக்காப்ல இருக்குது" என்றார்.

அருள்குமார் சிரித்தான். குழி விழுந்த பக்கத்தை அடியில் போட்டுவிடுங்கள் என்றான். கதவை அறுக்கவும் அவன் விடவில்லை. மரத்தின் ரேகை அறுபடாமல் ஓடவேண்டுமாம். குறுக்குச் சட்டங்களை மட்டும் கழற்றிவிட்டு, பலகைகளை அதே வரிசையில் அறையின் நட்டநடுவில் பொருத்தினார்கள். சுற்றிலும் பரண் பலகை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து எண்ணெய் பூசினார்கள். தரை கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் யோசித்துப் பாருங்கள்... கதவின் வெளிப்பக்கம் மேலே. அப்படியென்றால் அந்த அறையில் நிற்கிறவர் வாசலில் நிற்கிறார். வீட்டின் உள்பக்கம் எங்கே இருக்கிறது?

சஹீர் போகும்போது ஒன்றே ஒன்று சொன்னார். தண்ணீர் மட்டும் ஆகாது, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்துதான் துடைக்கவேண்டும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவியே பழகிய லோகப்பிரியாவுக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

தென்மேற்கு மழை பிடித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் மாடியில் சத்தம். டொக்... டொக். சஹீருக்குப் போன் போட்டார்கள். மரம் உப்புகிறது, மழை விட்டால் சரியாகிவிடும் என்றார். கூடவே ஒரு வாடை. நனைந்த சுண்ணாம்பும் அணைந்த திரியும் கலந்த, பல வருஷம் மூடிக் கிடந்த வீட்டு வாடை. அது எதனால் என்று அவருக்கும் தெரியவில்லை.

வர்ஷினியைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லோகப்பிரியா அவளை வளர்த்த விதம் அப்படி. சிலிண்டர் போடுகிறவர் வந்தாலும் சரி, யார் கதவைத் தட்டினாலும் முதல் வார்த்தை 'வாங்க'. அடுத்தது ஒரு சொம்புத் தண்ணீர். அப்பனை மட்டும்தான் 'வா, போ' என்பாள். பட்டறைக்கு வந்தால் ஷட்டரில் அவள் தட்டுவதே தனி. டக்டக்டக் என்று பொடிக் கையால் வேகமாக மூன்று. எத்தனை மெஷின் ஓடினாலும் அருள்குமாருக்கு அது மட்டும் கேட்டுவிடும்.

ஒருநாள் சாயங்காலம் அவன் மாடிப்படி ஏறுகிறான். உள்ளே டொக்... டொக். அடுத்து மகளின் குரல்.

"வாங்க."

யாரோ தோழி வந்திருக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தான். அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலிச் சொம்பு. யார் வந்தது என்று கேட்டதற்கு, பென்சிலால் தரையைக் காட்டினாள். அவிய தினமும் தட்டுறாங்க, பாவம் தண்ணி தவிக்குதாம் என்றாள். லோகப்பிரியா ஓடி வந்து, மரத்தில் தண்ணியை ஊற்றிவிட்டாயா என்று திட்டிக்கொண்டே தரையைத் தடவினாள். பலகை காய்ந்து கிடந்தது. கீழே ஹாலில் போய் மேற்கூரையைப் பார்த்தார்கள், அங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அருள்குமார் மறுபடி மாடிக்கு ஓடினான். மகளைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தான். தோளில் சாய்ந்தபடியே அவள் சொன்னாள்.

"அவிய அத்தன தடவ வந்தாங்க. நாமளும் ஒருக்காப் போகோணுமல்லப்பா? எங்கூட்டுக்கு வா கண்ணுன்னு கூப்பிட்டாங்க."

அன்று ராத்திரி அவளை நடுவில் போட்டு, ஆளுக்கொரு பக்கம் படுத்தார்கள். விடிந்து பார்த்தால் நடுவில் அவள் இல்லை. மாடி அறையில், அந்தக் கதவுப் பலகையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் ஜில்லென்று இருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள். ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு... மூச்சு விடாமல் குடித்தாள். இழுப்பு மட்டும் சுத்தமாக நின்றிருந்தது.

குழந்தை கிடைத்ததே என்று அவன் கும்பிட்டான். உடனே லோகப்பிரியாவையும் மகளையும் சிங்காநல்லூருக்கு, மாமனார் வீட்டுக்கு ஆட்டோவில் அனுப்பினான். சஹீரும் அவனும் சேர்ந்து பலகைகளைப் பெயர்த்தார்கள். அடியில் வெறும் சிமெண்ட்தான். ஆனால் கதவின் அடிப்பக்கத்தில், பழைய குழிகளுக்கு நடுவே சின்னச் சின்னதாகப் புதுக் குழிகள். சஹீர் கையை எடுத்துக்கொண்டார். அருள்குமார் எதையும் யோசிக்கவில்லை. உடுமலைப் பக்கம் தெரிந்தவரின் கரும்பாலைக்குக் கொண்டுபோய், வெல்லம் காய்ச்சுகிற அடுப்பில் ஒவ்வொரு பலகையாகத் தள்ளிவிட்டு, கடைசிப் பலகை சாம்பலாகும்வரை நின்று பார்த்தான். இனி என் மகளை எவர் கூப்பிடுவது என்று நிம்மதியாகத்தான் திரும்பினான்.

வீட்டுக்கு வரும்போது விளக்கு வைக்கிற நேரம். மாடி அறையில் மரத்தூளைக் கூட்டிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தான். லோகப்பிரியா நன்றாகத்தான் பேசினாள். குரலில் ஒரு பெருமை கூட இருந்தது.

"உங்க மகளப் பாக்கோணுமே. எங்கப்பா 'வாங்க சாமி'ன்னு சொல்ற வரைக்கும் வாசப்படிக்கு வெளியவே நின்னாளுங்க. எவ்வளவு மரியாதைன்னு தெருவே பாக்குது. வந்ததுலருந்து தண்ணிதான் குடிச்சிட்டு இருக்கறா..."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான்.

காலுக்கடியில், வெறும் சிமெண்ட்டில்... டக்டக்டக்.

வேகமாக மூன்று. பொடிக் கை.

அருள்குமார் முட்டி போட்டு விழுந்தான். சிமெண்ட்டை நகத்தால் பிறாண்டினான். திறந்துவிடக் கதவு அங்கே இல்லை. அவனே எரித்துவிட்டு வந்திருந்தான். காதைத் தரையில் வைத்துக்கொண்டு, அழுதபடி, தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னான்.

"வாங்க கண்ணு... வாங்க..."

கையில் இருந்த போன் இன்னும் அணையவில்லை. அதிலிருந்து மகளின் குரல் கேட்டது.

"வந்துட்டனுங்க."