ஃப்ளெக்ஸில் ஒரு கோவேறு கழுதை

— “1999 ஜூன் 29, பிற்பகல் இரண்டு மணி. கார்கில் பகுதி, பதினையாயிரம் அடி உயரத்தில் ஒரு மலை உச்சி.” இது வரைக்கும் சரியா அண்ணாச்சி? சரின்னா சேவ் பண்ணிக்கிடுதேன்.

— இது வரைக்கும் சரி தம்பி.

— அடுத்த வரி. “எதிரியின் குண்டுமழையில் தனி ஒருவனாக முன்னேறி, மார்பில் குண்டேந்தி, உச்சியைக் கைப்பற்றிய தென்காசிச் சிங்கம் ஹவில்தார் பலவேசம் அவர்களுக்கு வீரவணக்கம்.”

— எல்லாம் தப்பு.

— எல்லாமேவா?

— பலவேசம் சரி. மத்ததெல்லாம் தப்பு. அப்பம் நான் ஹவில்தாரே கிடையாது, சிப்பாய். வீரவணக்கம்னா செத்தவனுக்குல்லா போடுவாவ? பக்கத்துல வெளக்கு வேற எரியுது.

— டெம்ப்ளேட் அண்ணாச்சி. மிலிட்டரின்னு அடிச்சாலே விளக்கோடதான் வருது. அணைச்சிருதேன்.

— மீரான், நீ ஒண்ணையும் அணைக்காத. கேட்டுக்கிடுங்க அத்தான். நாளைக்கு ஜூலை இருபத்தாறு, கார்கில் வெற்றி நாளு. காலையில பத்து மணிக்கு விழா, ரிட்டயர்டு கர்னல் ஒருத்தர் வந்து ஒங்களுக்கு சால்வ போடுதாரு. இன்னைக்கு சாயங்காலமே ஃப்ளெக்ஸு குத்தாலத்துல மெயினருவி ரோட்டுல நிக்கணும். சீசன் நேரம். தண்ணி கூடிட்டுன்னு போலீஸ் அருவிய அடைச்சுட்டா ஆயிரம் பேரு தலையில எண்ணெயோட சும்மா நிப்பானுவ. என்ன எழுதியிருந்தாலும் படிப்பானுவ. வார்டு எலக்சன்ல நிக்கப்போறவனுக்கு அக்கா புருசன் கார்கில்காரர்னா சும்மாவா?

— அதாம்லே விஜயசங்கர், நான் ட்யூட்டிய விட்டுட்டு இந்தச் சாரல்ல நனைஞ்சு கடைக்கே ஓடி வந்தேன். நீ அனுப்புன படத்த வாட்சப்புல பாத்தேன். ஒடம்பு யாருது?

— எந்த ஒடம்பு?

— தல என்னுது. கீழ உள்ள ஒடம்பு யாருது? கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இப்படி ஒடம்பு இல்லயே.

— அது ரஷ்யாக்காரன்னு நெனைக்கேன் அண்ணாச்சி. நெட்டுல எடுத்தது. நீங்க குடுத்த பாஸ்போர்ட் போட்டோவுல கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லல்லா?

— கையில துப்பாக்கி?

— அது வேற லேயர்.

— எங் கையில இருந்தது கொள்ளுப் பை தம்பி. நான் மியூல் கம்பெனி. கோவேறு கழுத மேய்க்கிறவன். மேல சண்ட போடுறவனுக்கு நாங்கதான் கீழேருந்து தோட்டா, தண்ணி, மண்ணெண்ண, சப்பாத்தி மாவு எல்லாம் ஏத்திக்கிட்டுப் போவோம்.

— கேட்டுக்கிடுங்க, ‘மேய்க்கிறவன்’ங்கிற வார்த்த நாளைக்கு மேடையில வரப்படாது. தளவாடப் பிரிவுன்னு சொல்லுங்க.

— தளவாடத்துக்குப் புல்லு வெட்டிப் போட்டேன்னு சொல்லவா மாப்ளே?

— சரி, அத விடுங்க. மார்புல குண்டு. அதாவது சரிதான?

— மார்பு இல்ல.

— முதுகா?

— அதுக்கும் கீழ.

— அத்தான்!

— இன்னைக்கும் பேங்கு வாசல்ல செக்யூரிட்டி ஸ்டூல்ல ஒரு பக்கமாத்தான் ஒக்காருதேன். மேனேஜர் எனக்கு மூலம்னு நெனச்சு கருணக்கெழங்கு திங்கச் சொல்லுதாரு.

— மேல ஏறுறவனுக்கு பொறத்தால எப்படிப் படும்?

— ஷெல்லு வெடிச்சா இரும்புத் துண்டு நாலு பக்கமும் பறக்கும். ஒன்ன மாதிரி எடம் விசாரிச்சுக்கிட்டா வரும்?

— ‘விழுப்புண்’ணுன்னு போட்டுருவோமா தலைவரே? எந்த எடம்னு சொல்ல வேண்டாம்.

— விழுப்புண்ணுன்னாலே நெஞ்சுதான் மீரான். பொறத்தால காயம்பட்டதுக்கு நம்மூருல ஒரு ராசாவே வடக்க பாத்து ஒக்காந்து உயிர விட்டிருக்கான்.

— இவருக்கு ஒக்காரவும் முடியாதுங்காரு.

— ஏலே!

— மன்னிச்சிருங்க தலைவரே. சேவ் பண்ணிக்கிடுதேன்.

— அப்பம் என்னதான் நடந்துது அத்தான்? அக்காவக் கட்டுன நாள்லேருந்து கேக்கேன். ‘மலைக்குப் போனேன், அடிபட்டேன், வந்தேன்’ங்கிய. குத்தாலத்துல வழுக்கி விழுந்தவன்கூட இதவிட நல்லாச் சொல்லுவான்.

— மேல நம்ம பயலுவ பன்னெண்டு பேரு மாட்டிக்கிட்டானுவ. தோட்டா தீரப்போவுது. ஒரு ஆளும் ஒரு மியூலும் போனாப் போதும், யாரு போறியன்னு சுபேதார் கேட்டாரு. நாங்க இருபது பேரு வரிசையா நிக்கோம். ஒருத்தனும் அசையல. எங் கழுத முன்னால ஒரு எட்டு வச்சுட்டா. கயிறு எங் கையில. ‘ஷாபாஷ் பலவேசம்’னுட்டாரு.

— எதுக்கு எட்டு வச்சுது?

— அவரு பையில பிஸ்கட் இருக்கும்.

— இத மேடையில சொல்லப்படாது.

— பாதி மலையில ஷெல்லடி ஆரம்பிச்சுட்டு. மத்த மியூலுன்னா கீழ ஓடும். இவ மேல போறா. கயித்த மணிக்கட்டுல சுத்தியிருக்கேன், அவ இழுக்கா, நான் போறேன். அப்பம் எனக்குப் பொறத்தால பட்டுது. விழுந்துட்டேன். கயிறு அறுந்துட்டு. அவ தனியா மேல போயித் தோட்டாவக் குடுத்துட்டா. அந்தப் பன்னெண்டு பேரும் பொழச்சானுவ. உச்சியப் புடிச்சதும் அவனுவதான். சாமான இறக்குனதும் அவ திரும்ப இறங்கி வந்து நான் கெடந்த பாறகிட்ட நின்னா. அவ நிக்கிறதப் பாத்துத்தான் என்னக் கண்டுபுடிச்சுத் தூக்குனானுவ.

— அப்பறம் அதுக்கு மெடல் எதுவும் குடுத்தாவளா அண்ணாச்சி?

— எனக்கு ஒரு பாராட்டுக் காயிதம். அவளுக்கு ஒரு பை கேரட்டு. அடுத்த வருசம் செத்துட்டா. அதுக்கு மூணு காப்பி ஃபாரம். ‘காரணம்’னு ஒரு கட்டம். சளின்னு எழுதுனேன். சளின்னு எழுதுனா டாக்டருக்கு விசாரண வரும், வயசுன்னு எழுதுன்னானுவ. எட்டு வயசு அவளுக்கு.

— கேட்டுக்கிடுங்க, நீங்களும் போனியல்லா? அது வீரந்தான?

— பயந்து செத்தேம்லே. நான் வீரன் இல்ல.

— இதையே மேடையில சொல்லுங்க! ‘நான் வீரன் இல்ல’ன்னு வீரன் மட்டுந்தான் சொல்லுவான். கைதட்டு பிச்சுக்கிட்டுப் போவும்.

— வீரன்னு சொன்னா?

— அதுக்கும் தட்டுவானுவ.

— எதச் சொன்னாத்தாம்லே தட்டாம இருப்பானுவ?

— சால்வ போட்டு முடியிற வரைக்கும் எதுக்கும் தட்டுவானுவ அத்தான். தட்டச் சொல்லுததுக்கு மைக்குல ஆளு இருக்கு.

— அப்பம் ஒண்ணு சொல்லுதேன். ஃப்ளெக்ஸுல அவ படம் வரணும். வரலேன்னா நாளைக்கு நான் மேடை ஏற மாட்டேன்.

— கழுத படமா? எம் படத்துக்குப் பக்கத்துலயா? இதுல எது வேட்பாளர்னு எதிர்க்கட்சிக்காரன் கேப்பாம்லா?

— கீழ வரிசையா பதினாலு தல வச்சிருக்கியே, அவனுவ எல்லாம் எந்தச் சண்டைக்குப் போனானுவ?

— அவனுவ நம்ம பயலுவ. ஒரு தலைய எடுத்தா வீட்டோட நாலு ஓட்டு போயிரும்.

— நான் ஒரே ஒரு கழுததாம்லே கேக்கேன்.

— தலைவரே, ஆலங்குளம் சடங்கு வீட்டுக்காரங்க வெளிய நிக்காவ. ஒங்களுக்கு அடுத்தது அவங்க ஃப்ளெக்ஸு. மூணு மணிக்கு கரண்டு போயிரும்னு மெசேஜ் வேற வந்திருக்கு. சட்டுன்னு ஒரு முடிவுக்கு வாங்க.

— சரி, போட்டுத் தொலை. சின்னதா. மூலையில. பாக்க குதிர மாதிரி இருக்கணும்.

— இந்தா பாருங்க அண்ணாச்சி.

— இது குதிர.

— இது?

— இது கழுத. கோவேறு கழுதன்னா ஆத்தா குதிர, அப்பன் கழுத. ஒடம்பு ஆத்தா மாதிரி, காது அப்பன் மாதிரி.

— அப்பம் குதிரைய வச்சுக்கிட்டு காத மட்டும் இழுத்துவிட்டுருதேன். இப்பம்?

— இன்னுங் கொஞ்சம். ம். பெடரிமயிரக் கத்திரிச்சு விடு. அவதான். எடது காது நுனி கொஞ்சம் பிஞ்சிருக்கும்.

— பிச்சாச்சு.

— மெதுவாப் பிச்சிருக்கலாம்லா தம்பி?

— பேரு என்ன போட?

— நம்பர் போடு. அந்த மலைக்கும் பேரு கிடையாது, நம்பர்தான். அவளுக்கும் குளம்புல நம்பர்தான். நாநூத்திப் பதினேழு.

— மலையில நின்னுக்கிட்டு ‘ஏட்டி நாநூத்திப் பதினேழே, வா’ன்னா கூப்பிட்டிய?

— அது எதுக்கு ஒனக்கு?

— சொல்லுங்க அத்தான். ஒரு பேரு இருந்தா உருக்கமா இருக்கும்.

— உமான்னு கூப்பிடுவேன்.

— எங்க அக்கா பேரயா!

— அப்பம் எங்களுக்கு நிச்சயம் ஆன புதுசு மாப்ளே. ஒரு லெட்டர் தென்காசி வர பத்து நாளு, பதிலு வர பத்து நாளு. கம்பெனி பூரா இந்திக்காரனுவ. தமிழ்ல பேசுனா நின்னு கேக்க அவ ஒருத்திதான் இருந்தா.

— அக்காவுக்கு இது தெரியுமா?

— தெரிஞ்சா ரெண்டாங் கார்கில் எங்க வீட்டுல நடக்கும். நம்பரே போடு தம்பி.

— போட்டாச்சு. ரஷ்யாக்காரனத் தூக்கிட்டு, போன மாசம் வாசுதேவநல்லூர் கல்யாணத்துக்கு அடிச்ச மாமனார் ஒடம்ப வச்சிட்டேன். தொப்ப அளவெடுத்த மாதிரி இருக்கு. துப்பாக்கிய எடுத்துட்டேன். அண்ணாச்சி கீழ, கழுத ஒரு எட்டு மேல, மொகத்த மலையப் பாத்து. தலைவரு படம் மட்டும் எடம் பத்தாம கொஞ்சம் சின்னதாயிட்டு.

— எவ்வளவு சின்னது?

— கழுதையவிடப் பெருசு தலைவரே. கவலப்படாதிய.

— சரி, அடி. மணி ரெண்டரையாச்சு.

— ஒரு நிமிசம். கயிறு. கழுத கழுத்துல பாதி தொங்குது, அண்ணாச்சி கையில பாதி. அறுந்த கயிறுன்னா நுனி நூல்நூலாப் பிரிஞ்சு கெடக்கும். நெட்டுல அப்படி ஒண்ணு சிக்கல, எல்லாம் வெட்டுன கயிறாத்தான் இருக்கு. இந்தா, நானே பிரிச்சு விட்டுருதேன்.

— பிரிக்காத தம்பி.

— பிரிக்கலேன்னா பாக்கிறவனுக்கு அறுந்ததுன்னு தெரியாதே அண்ணாச்சி?

— பரவால்ல.

— கேட்டுக்கிடுங்க, அவன் தொழில அவன் பாக்கட்டும். பிரிச்சு விடு மீரான்.

— பிரிக்க வேண்டாம்னு சொல்லுதம்லா மாப்ளே.

— அப்படியே விட்டா கத்தி வச்சு வெட்டுன மாதிரில்லா நிக்கி அண்ணாச்சி?

— வெட்டுனதுதான்.

— என்னது?

— கயிறு அறுந்து போகல தம்பி. ரெண்டு மியூலு ரெண்டு பக்கமா இழுத்தாலும் அறுந்து போவாது அந்தக் கயிறு. நான் வெட்டுனேன்.

— அத்தான்! அடிபட்டுக் கெடக்கிய, எழும்ப முடியல, நம்ம போகாட்டியும் தோட்டா போயிச் சேரட்டும்னு கயித்த வெட்டி அத மட்டும் மேல அனுப்பி விட்டியளா? இத எதுக்கு இருபத்தாறு வருசமா மூடி வச்சிருந்திய? இது உச்சியப் புடிச்சதவிடப் பெருசுல்லா! மீரான், மேல உள்ள எழுத்த எல்லாம் தூக்கு. ‘தன் உயிரை எண்ணாமல் கயிற்றை வெட்டியவர்’னு போடு. கொட்ட எழுத்துல. எம் படத்த இன்னுங் கொஞ்சம் சின்னதாக்கிக்க, பரவால்ல.

— போட்டாச்சு தலைவரே. நல்லா எடுப்பா இருக்கு. சேவ் பண்ணிக்கிடவா அண்ணாச்சி?

— பண்ணாத தம்பி. எம் படத்த எடுத்துரு, அவ மட்டும் நிக்கட்டும். மொதல்ல வெட்டுனேன். கீழ பாத்து ஓடுனேன். ஓடுறப்பந்தான் அடிபட்டுது.